பழி பெண் மீது; குறை கழுத்தில்!

கலியாணம் ஆகி நாலு வருடம் ஆகிவிட்டது. மடியில் பிள்ளை இல்லை.

மாமியார் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வீட்டு வளைகாப்புக்கு மருமகளைக் கூட்டிப் போகவில்லை. "நீ வீட்டைப் பார்த்துக்கொள் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தை போதும். மருமகள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

குடவாசல் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இப்படி ஒரு வீடு இருப்பதாக எண்ணிப் பாருங்கள். எண்ணிப் பார்ப்பது கஷ்டம் அல்ல. இப்படி ஒரு வீடு இல்லாத தெரு ஏது?

அந்தப் பெண் கோவிலுக்குப் போகாமல் இல்லை. திருக்கருகாவூர் தூரத்தில் இல்லையே! கர்ப்பரட்சாம்பிகை சன்னதிப் படியை நெய்யால் மெழுகிக் கோலம் போட்டாள். அங்கே கொடுத்த நெய்யைக் கணவனும் மனைவியும் 48 நாள் சாப்பிட்டார்கள்.

கோவிலுக்குப் போனது நல்லதே. மனதுக்கு ஆறுதல் வேண்டும் அல்லவா?

ஆனால் இன்னொரு காரியம் செய்யாமல் விட்டுவிட்டார்கள். கையில் இருந்து ஒரு சிறு குழாய் ரத்தம் எடுத்துப் பரிசோதித்துப் பார்க்கவில்லை!

குடத்தின் கழுத்து

அமுதக் குடத்தின் வாய் விழுந்த இடம் "குடவாயில்". அதுவே குடவாசல் ஆயிற்று என்பது ஊரார் சொல்லும் கதை.

குடத்துக்கு வாயை அடுத்து இருப்பது கழுத்து. மனிதனின் கழுத்திலும் ஒரு விசேஷம் இருக்கிறது.

தொண்டைக்கு முன்னால், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, ஒரு சுரப்பி உண்டு. அதற்குத் தைராய்டு என்று பெயர். பட்டாம்பூச்சி சிறகை விரித்த மாதிரி இருக்கும். எடை சுமார் 20 கிராம். ஒரு எலுமிச்சம்பழத்தின் எடை கூட வராது.

ஆனால் அதன் அதிகாரம் உச்சி முதல் உள்ளங்கால் வரை செல்லும்!

மேட்டூரில் தண்ணீர் திறக்கிறார்கள். அது கல்லணைக்கு வருகிறது. ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று பிரிந்து கடைமடை வரை போகிறது. தைராய்டு சுரக்கும் நீரும் அப்படித்தான். ரத்தத்தில் கலந்து உடம்பின் கடைமடை வரை போகிறது. இதயம் எவ்வளவு வேகமாக அடிக்க வேண்டும், உடம்பில் எவ்வளவு சூடு இருக்க வேண்டும், சாப்பிட்ட சாப்பாடு எவ்வளவு வேகமாகச் செலவாக வேண்டும் என்பதில் எல்லாம் அதற்குப் பங்கு உண்டு.

தண்ணீர் குறைந்தால் பயிர் வாடும். அதிகமானால் பயிர் அழுகும். தைராய்டு நீரும் குறையக்கூடாது, கூடவும் கூடாது.

குறைந்தால் என்ன ஆகும்?

எப்போதும் அசதி. மற்றவர்களுக்கு இல்லாத குளிர். சாப்பாடு கூடாமலே உடம்பு கனக்கும். முடி கொட்டும். தோல் வறளும். மலச்சிக்கல் வரும். குரல் கரகரக்கும். மறதி வரும். மாதவிலக்கு தள்ளிப் போகும். அல்லது அளவுக்கு மீறிப் போகும்.

வீட்டில் உள்ளவர்கள் என்ன சொல்வார்கள்? "இவள் சோம்பேறி!" என்பார்கள். அவள் சோம்பேறி அல்ல. அவளுடைய கழுத்துச் சுரப்பிதான் சோர்ந்துவிட்டது.

சில பேருக்கு இந்த அடையாளங்கள் ஒன்றுகூடத் தெரியாது. பிள்ளை உண்டாகவில்லை என்பது மட்டுமே அடையாளமாக இருக்கும்.

870 ஆடுகள்!

இந்த நோய்க்கு மருந்து கிடைத்த கதை சுவையானது.

1891ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊர். அங்கே ஜார்ஜ் முர்ரே என்று ஒரு இளம் டாக்டர்.

அவரிடம் 46 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். முகம் உப்பி இருந்தது. பேச்சு இழுத்தது. நடை தளர்ந்தது. குளிர் தாங்கவில்லை. தைராய்டு சுரப்பி வேலை செய்யாததே காரணம் என்று டாக்டர் கண்டார்.

அவளுக்குச் சுரக்காத நீரை வெளியில் இருந்து கொடுத்தால் என்ன?

ஆட்டின் தைராய்டு சுரப்பியை எடுத்துச் சாறு தயாரித்தார். அதை ஊசி மூலம் ஏற்றினார். சில மாதங்களில் அந்தப் பெண்ணின் முகம் வடிந்தது. பேச்சும் நடையும் திரும்பின. பிறகு அந்த மருந்தை வாய் வழியாகவே சாப்பிட்டு வந்தாள்.

அவள் இறந்தது எப்போது தெரியுமா? 1919ஆம் ஆண்டில், 74ஆவது வயதில்! மருந்து அவளுக்கு 28 ஆண்டு ஆயுள் கொடுத்தது. அதற்காக 870 ஆடுகளுக்கு மேல் தேவைப்பட்டன.

இன்று ஆடு வேண்டாம். 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, அமெரிக்காவில் கெண்டல் என்ற விஞ்ஞானி அந்தச் சுரப்பு நீரின் சாரத்தைத் தனியே பிரித்து எடுத்தார். அதன் பெயர் தைராக்சின். 1927இல் ஹாரிங்டன், பார்ஜர் என்ற இருவர் அதைச் செயற்கையாகவே தயாரித்துக் காட்டினார்கள்.

இப்போது அது ஒரு சிறிய வெள்ளை மாத்திரை. மருந்துக் கடைகளில் மலிவான மாத்திரைகளில் அதுவும் ஒன்று.

பிள்ளைக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்?

பிள்ளை உண்டாவது வயிற்றில். சுரப்பி இருப்பது கழுத்தில். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது.

பெண்ணின் சினைப்பையில் இருந்து மாதம் ஒரு முட்டை வெளியே வர வேண்டும். வந்தால்தான் கரு உண்டாகும். தைராய்டு நீர் குறைந்தால் இந்த மாதக் கணக்கு குழம்பிவிடும். முட்டை சில மாதம் வரும். சில மாதம் வராது.

இன்னொரு காரணமும் உண்டு. மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. தைராய்டை வேலை வாங்குவது அதுதான். தைராய்டு சோர்ந்துவிட்டால், அதைத் தட்டி எழுப்ப மூளை ஓயாமல் உத்தரவு போடுகிறது. அந்த உத்தரவு பால் சுரக்கச் செய்யும் நீரையும் சேர்த்துக் கிளப்பிவிடும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு மாதவிலக்கு தள்ளிப் போவது எல்லோரும் அறிந்ததுதானே? அதே நிலைமை, பிள்ளையே பெறாத பெண்ணுக்கு வந்துவிடுகிறது!

கரு தங்கினாலும் ஆபத்து நீங்கிவிடவில்லை. தைராய்டு குறைவைக் கவனிக்காமல் விட்டால், கரு கலைவதும் குறை மாதத்தில் பிறப்பதும் அதிகம்.

தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் தொல்லைதான். உடம்பு இளைக்கும். நெஞ்சு படபடக்கும். கை நடுங்கும். மாதவிலக்கு குறையும். இவர்கள் மருந்து சாப்பிட்டுச் சுரப்பைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே கருத்தரிக்க வேண்டும். அந்த மருந்துகளில் சில கருவுக்கு ஆகாதவை. ஆகையால், "பிள்ளை பெற நினைக்கிறோம்" என்று டாக்டரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

எத்தனை பேருக்கு?

இது எங்கோ ஒருவருக்கு வரும் நோய் அல்ல.

சென்னை உள்பட இந்தியாவின் 8 பெரிய நகரங்களில், 5,360 பேருக்கு ரத்தப் பரிசோதனை நடந்தது. அதன் முடிவு 2013இல் வெளியாயிற்று. ஏறக்குறைய 100க்கு 11 பேருக்குத் தைராய்டு குறைவு! ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

உடம்பைக் காக்க வேண்டிய காவல் அணுக்களே தவறாகத் தைராய்டைத் தாக்குவது இதற்கு ஒரு முக்கிய காரணம். 1912இல் ஜப்பானிய டாக்டர் ஹஷிமோட்டோ இதை முதலில் எழுதி வைத்தார். நோய்க்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. இது சாபமும் அல்ல. தோஷமும் அல்ல. அந்தப் பெண் செய்த தவறும் அல்ல.

ஒரே ஒரு பரிசோதனை

இதைக் கண்டுபிடிக்க என்ன செய்ய வேண்டும்?

"டி.எஸ்.எச்." என்ற ரத்தப் பரிசோதனை ஒன்று போதும்.

இந்தப் பரிசோதனையில் ஒரு வேடிக்கை உண்டு. எண் கூடினால், தைராய்டு குறைந்திருக்கிறது என்று பொருள்! ஏன்?

நடவு வயலில் வேலை மந்தமானால் மேற்பார்வை பார்ப்பவரின் குரல் உயரும். வேலை சுறுசுறுப்பாக நடந்தால் அவர் பேசாமல் வரப்பில் நிற்பார். டி.எஸ்.எச். என்பது மேற்பார்வைக்காரரின் குரல். பிட்யூட்டரி போடும் சத்தம். சத்தம் கூடினால் தைராய்டு தூங்குகிறது என்று அர்த்தம்.

சாதாரணமாக இந்த எண் 0.4க்கும் 4க்கும் நடுவே இருக்கும். பரிசோதனை நிலையத்துக்கு நிலையம் கொஞ்சம் வித்தியாசப்படும். தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடும் பெண் கருத்தரிக்க விரும்பினால், எண்ணை 2.5க்குக் கீழே கொண்டுவர டாக்டர்கள் பார்ப்பார்கள்.

தஞ்சை மருத்துவக் கல்லூரி 1959 முதல் இருக்கிறது. திருவாரூர் மருத்துவக் கல்லூரி 2010இல் வந்தது. குடவாசல்காரர்களுக்கு இரண்டுமே பஸ் ஏறிப் போகிற தூரம்தான்.

எப்போது போக வேண்டும்? ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் போகலாம். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதமே போதும். மாதவிலக்கு ஒழுங்காக இல்லை, கரு கலைந்திருக்கிறது, தாய்க்கோ அக்காவுக்கோ தைராய்டு உண்டு என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

காப்பிக்கு முன்னால்!

குறை தெரிந்துவிட்டது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். அதைச் சாப்பிடுவதில் ஒரு முறை உண்டு.

காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறு எதுவும் கூடாது.

கும்பகோணம் பக்கத்துக்காரர்களுக்கு இதுதான் கஷ்டம். பல் விளக்கியதும் டிகிரி காப்பி வேண்டுமே! காப்பியோடு சேர்ந்தால் மாத்திரை உடம்பில் சரியாக ஏறாது. காப்பி காத்திருக்கட்டும்.

இரும்புச் சத்து மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இதன் பகைவர்கள். அவற்றுக்கும் இதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இதை அதிகாலையிலும், அவற்றை மதியமும் இரவும் சாப்பிட்டால் வம்பு இல்லை.

ஆறு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் பார்க்க வேண்டும். அதை வைத்து டாக்டர் அளவைக் கூட்டுவார், குறைப்பார். பக்கத்து வீட்டுக்காரி சாப்பிடும் அளவை இவள் சாப்பிடக்கூடாது.

கரு தங்கியதும் செய்யும் தவறு

மாதவிலக்கு நின்றது. வீடே மகிழ்கிறது. அப்போது பாட்டி ஒரு யோசனை சொல்வார்: "இனிமேல் அந்த மாத்திரை எதற்கு? வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. நிறுத்திவிடு!"

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் கேட்கக்கூடாது!

வயிற்றில் வளரும் சிசுவுக்கு முதல் மூன்று மாதம் சொந்தத் தைராய்டு நீர் கிடையாது. அதற்குப் பிறகே அதன் சுரப்பி கொஞ்சம் கொஞ்சமாக வேலை தொடங்கும். அதுவரை தாயின் ரத்தத்தில் இருந்துதான் வர வேண்டும். சிசுவின் மூளை வளரும் காலம் அது. நாற்று வேர் பிடிக்கும் நேரத்தில் மதகை அடைக்கலாமா?

உண்மையில் கரு தங்கியதும் மாத்திரை முன்னைவிட அதிகமாகத் தேவைப்படும். ஆகையால், கரு தங்கியது தெரிந்த அன்றே டாக்டரிடம் போக வேண்டும். முதல் பாதியில் சுமார் நாலு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்க்க வேண்டும். இந்த மாத்திரை உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் நீரே. சரியான அளவில் சாப்பிட்டால் சிசுவுக்குக் கெடுதல் இல்லை.

கர்ப்பிணிகளில் யார் யாருக்குத் தைராய்டு பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2014இல் மத்திய அரசே நெறிமுறை வெளியிட்டிருக்கிறது.

உப்புச் சாடியைப் பாருங்கள்

தைராய்டு நீர் சுரக்க அயோடின் என்ற சத்து வேண்டும். பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 150 மைக்ரோ கிராம். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 250. கடுகின் முனை அளவுகூட இல்லை. ஆனால் அது தினமும் வேண்டும்.

இமயமலை அடிவாரத்து மண்ணில் அயோடின் குறைவு. அங்கே கழுத்தில் கழலையோடு பல பேர் நடமாடினார்கள். காங்கிரா பள்ளத்தாக்கில் 1956இல் டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவரது குழுவினரும் ஒரு சோதனை தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பு. ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு சாப்பிட்ட இடங்களில் கழலை வெகுவாகக் குறைந்தது! 1962இல் இந்திய அரசு கழலை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. சாப்பாட்டு உப்பில் அயோடின் இருக்க வேண்டும் என்ற சட்டம் 2006 மே மாதம் முதல் நாடு முழுவதும் இருக்கிறது.

தஞ்சைத் தரணிக்கு உப்புப் புதிது அல்ல. 1930 ஏப்ரலில், ராஜாஜி தலைமையில் திருச்சியில் இருந்து புறப்பட்ட தொண்டர் படை தஞ்சை, கும்பகோணம் வழியாக வேதாரண்யம் போய் உப்பு அள்ளியது. இன்றும் வேதாரண்யத்தில் உப்பு விளைகிறது. தூத்துக்குடியில் மலை மலையாகக் குவிகிறது.

அப்படிப்பட்ட தமிழ்நாட்டின் நிலை என்ன? 2018-19இல் நாடு முழுவதும் கணக்கெடுத்தார்கள். போதுமான அயோடின் உள்ள உப்பைச் சாப்பிடும் வீடுகள் தமிழ்நாட்டில் 100க்கு 62தான். எல்லா மாநிலங்களிலும் அதுவே கடைசி!

"கடல் உப்பில் அயோடின் தானாகவே இருக்காதா?" என்று கேட்பவர்கள் உண்டு. இருக்காது. உப்பு விளையும்போது மிஞ்சுவது மிகமிகச் சொற்பம். தனியாகக் கலந்தால்தான் உண்டு.

ஆகவே, கல்லுப்பானாலும் தூள் உப்பானாலும் பாக்கெட்டில் "அயோடின் கலந்தது" என்று அச்சிட்டிருக்கிறதா என்று எழுத்துக் கூட்டியாவது படித்துப் பாருங்கள். கிலோவுக்கு 15 மில்லி கிராமாவது இருக்க வேண்டும். கல்லுப்பைக் கழுவாதீர்கள்; அயோடின் போய்விடும். வாய் திறந்த சாடியில், அடுப்புப் பக்கத்தில், ஈரத்தில் வைக்காதீர்கள். மூடி போட்டு வையுங்கள். அதற்காக உப்பை அள்ளிப் போட வேண்டாம். சாப்பிடுகிற உப்பு நல்ல உப்பாக இருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். காவல் அணுக்கள் தாக்கியதால் வந்த தைராய்டு குறைவை உப்பு குணப்படுத்தாது. அதற்கு மாத்திரைதான் மருந்து.

எல்லாம் தைராய்டு அல்ல

பிள்ளை இல்லாததற்கு எல்லாம் தைராய்டே காரணம் என்று நினைப்பதும் தவறு. சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கலாம். கருக்குழாய் அடைத்திருக்கலாம். கணவனின் விந்தணு குறைவாக இருக்கலாம்.

சுரப்பு சரியாக இருக்கும்போது "எதற்கும் இருக்கட்டும்" என்று மாத்திரை சாப்பிடுவதாலும் பயன் இல்லை. தைராய்டைத் தாக்கும் பொருள் ரத்தத்தில் இருந்தும், சுரப்பு சரியாக இருந்த 952 பெண்களிடம் இங்கிலாந்தில் இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குத் தைராக்சின். பாதிப் பேருக்கு மருந்து இல்லாத வெறும் மாத்திரை. 2019இல் முடிவு வந்தது. இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குழந்தைகள் பிறந்தன. எனவே பரிசோதிக்காமல் மாத்திரை வேண்டாம்.

உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது பிள்ளைப்பேறு தாமதமாகும் துன்பத்தைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிற்று. பிள்ளை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதி இடங்களில் ஆணின் குறையும் சேர்ந்தே இருக்கிறது. ஆணுக்கும் தைராய்டு உண்டு. அது கெட்டால் விந்தணுவும் கெடும். ஆகையால் கணவனும் மனைவியும் சேர்ந்தே டாக்டரிடம் போக வேண்டும். மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பது நியாயம் அல்ல.

மாமியார் சொல்ல வேண்டிய வார்த்தை

அந்தக் குடவாசல் பக்கத்து வீட்டுக்குத் திரும்புவோம்.

மருமகள் நாலு வருடமாக அசதியாக இருக்கிறாள். முடி கொட்டுகிறது. மாதவிலக்கு ஒழுங்காக இல்லை. வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் கவனிக்கவில்லை.

ஒரு நாள் மாமியார் அடுப்படிக்கு வந்து, "நாளைக்கு நீயும் அவனும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வாருங்கள் அம்மா. நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

வளைகாப்புக்குப் போன அன்று சொன்ன அதே வார்த்தைதான். ஆள்தான் மாறியிருக்கிறது. அன்று அந்த வார்த்தை மருமகளை அழ வைத்தது. இன்று அவள் கண்ணைத் துடைக்கும்.

பரிசோதனையில் தைராய்டு குறை என்று வந்தால், அதற்கு மருந்து இருக்கிறது. வேறு குறை என்று வந்தால், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு குறையும் இல்லை என்றால் மனதில் இருந்த பாரம் இறங்கும்.

"மலடி" என்பது நோயின் பெயர் அல்ல. அது வெறும் வசை. அந்த வார்த்தை இனி நம் வீடுகளில் வேண்டாம்!